மணிக்கட்டு வைத்தியம்

பிஷ்கெக் நகரில் ஒரு பதிப்பகத்தில் தட்டச்சு செய்யும் அய்கானிஷுக்குத் தேநீர்க் கிண்ணத்தைக்கூடத் தூக்க முடியாதபடி மணிக்கட்டு வலி. வேலையை விடப் போவதாகத் தாலாயிடம் போனில் அழுதாள். அவர் தொலைவிலுள்ள நாரின் என்ற ஊரில் வீட்டிலிருந்தே அதே பதிப்பகத்துக்குத் தட்டச்சு செய்பவர். இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால், அவர் அனுப்பும் பக்கங்களில் பிழையே இருக்காது.

"கீபோர்டை எங்க வச்சிருக்கே, தங்கச்சி?"

"மேசை மேலதான், அண்ணே."

"அதான் கோளாறு! நல்லாக் கீழே இறக்கு. மணிக்கட்டை மடக்காதே, விளிம்புல ஊனாதே. நேரா, தூக்கினாப்பல இருக்கணும். ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் எழுந்து நட. முதலாளி திட்டினா என் பேரைச் சொல்லு!"

ஆறே வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. அய்கானிஷ் போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு, நன்றி சொல்ல நாரினுக்கு வண்டி ஏறினாள்.

கதவைத் திறந்த தாலாயின் மனைவி, "வேலையாத்தான் இருக்கார், உள்ளே போம்மா" என்றாள்.

அறை வாசலிலேயே அய்கானிஷ் நின்றுவிட்டாள்.

கீபோர்டு தரையில், ஒரு சாய்ந்த பலகைமேல் இருந்தது. தாலாயின் வெறும் சட்டைக்கைகள் இரண்டும் தோளோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. அவருடைய கால்விரல்கள் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டத்திலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அண்ணே... மணிக்கட்டு பத்தி உங்களுக்கு எப்படி..." என்று இழுத்தாள்.

தாலாய் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்குக் கணுக்கால்ல வலி வந்து கத்துக்கிட்டது, தங்கச்சி. உனக்காக மணிக்கட்டுன்னு மாத்திச் சொன்னேன், அவ்வளவுதான்!"