நடுவில் ஒரு லா

கோளரங்க வாசலில், ஏணிமேல் நின்று பெயிண்டர் பலகையில் ஒரு சொல்லைச் சுரண்டத் தொடங்குகிறார். ‘நம் பால்வீதியும் பக்கத்து நட்சத்திர மண்டலமான ஆண்ட்ரோமெடாவும் ஒருநாள் மோதும்.’ அவர் கையால் எழுதியதுதான். காலை வெயிலில் நீலப் பெயிண்ட் உதிர்ந்து, கீழே ஏணியைப் பிடித்திருப்பவளின் தலையில் விழுகிறது. வருகிற பிள்ளைகளிடமெல்லாம் மோதியே தீரும் என்று பதினோரு வருஷமாக அடித்துச் சொன்னவள் அவள். “இத்தனை நாள் மோதும்னீங்க, இப்ப என்னம்மா ஆச்சு?” “திரும்பக் கணக்குப் போட்டாங்களாம்ண்ணே. சுத்தி இருக்கிற சின்ன மண்டலங்களும் இழுக்குதாம். மோதினாலும் மோதும், மோதாமலும் போகும். பாதிக்குப் பாதி.” “அப்ப ‘மோதலாம்’. துவோட வாலை வெட்டிட்டு நடுவுல ஒரு லா. இடம்தான் இல்ல, நெருக்கிப் போட்டுடறேன்.” ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் கிடக்கிறான். ஒரு வாரமாகக் கையை விரித்துக்கொண்டிருந்த டாக்டர் இன்று காலையில்தான் வாய் திறந்து ‘பிழைக்கலாம்’ என்றார். ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அண்ணாந்து பார்க்கிறாள். “நெருக்காதீங்கண்ணே. அந்த லாவை நல்லாப் பெருசாவே போடுங்க.”