முதல் சேதி

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் காலைச் செய்தி போடுவது சங்கரலிங்கத்தின் வேலை. போரோ தேர்தலோ இரட்டைத்தலைக் கன்றோ, படத்துக்குக் கீழே தன் பங்குக்கு ஒரு வரி எழுதாமல் விடமாட்டார். அன்று, போர் நடக்கும் ஒரு வெளிநாட்டில் குண்டு விழுந்த கட்டடத்தின் படம். இடிபாட்டின் உச்சியில் ஒரு கோழி நின்றது. “இன்னைக்கு அங்க சுட்ட கோழி இலவசம்” என்று எழுதினார். பதினேழு பேர் சிரித்தார்கள். சற்று நேரத்தில் எதிர்வீட்டு ஜெபராணி போனில் கூப்பிட்டாள். “அண்ணே, நீங்க போட்ட படத்துல அந்தப் பச்சைக் கதவு... அவிய தங்கியிருந்த எடம் மாதிரியே இருக்கு. ரெண்டு நாளா போன் எடுக்கல. படத்தப் பெருசாக்கிப் பாத்துச் சொல்லுதியளா?”

அவள் கணவன் அந்த நாட்டுக்குக் கொத்து வேலைக்குப் போனபோது பஸ் ஏற்றிவிட்டதே அவர்தான். எழுதியதை அவசரமாக அழித்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். அதுவரை கோழியைத் தவிர அதில் எதையும் அவர் பார்த்திருக்கவில்லை. கோழிக்குக் கீழே பச்சைக் கதவு ரெண்டாகப் பிளந்து கிடந்தது. போனில் சொல்லாமல் நேரே அவள் வீட்டுக்குப் போனார். “தப்புப் பண்ணிட்டேன் தாயி” என்றார். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்கண்ணே. உங்களுக்குத்தான எல்லாச் சேதியும் மொதல்ல வரும். வேற ஏதும் வந்திருக்கா?”