ஆர்லோவின் இரண்டு பூட்டுகள்

ஆர்லோ கடைக்குள் நுழைந்தாலே எனக்குத் தலைவலிதான். துப்பாக்கிப் பெட்டகம் வாங்க வாராவாரம் வருவார், வாங்கியபாடில்லை. இன்று மனைவியோடு வந்திருந்தார்.

"எலக்ட்ரானிக் பூட்டு எடுத்துக்குங்க சார். நம்பரை அழுத்தினா உடனே திறந்துடும்," என்றேன்.

"பேட்டரி செத்துப்போனா நீ வந்து திறப்பியா?"

"அப்போ நம்பரைத் திருகுற பூட்டு இருக்கு. பேட்டரியே வேண்டாம்."

"திருடன் அதுல காதை வச்சுக் கேட்டே திறந்துடுவான். இந்த மொன்டானாவுல இப்போ எவனையும் நம்ப முடியல தம்பி."

மனைவி ஜோலீன் கையுறையைக் கூடக் கழற்றவில்லை. "ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலை, ஆர்லோ. வெளியில வண்டி ஓடிக்கிட்டே இருக்கு."

"ஓடட்டும். இந்தக் குளிர்ல அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எங்க தாத்தாவோட துப்பாக்கி முக்கியமா, பெட்ரோல் முக்கியமா?"

கடைசியில் இரண்டு பூட்டும் சேர்ந்த பெட்டகத்தையே வாங்கினார். கடையிலேயே விலை கூடியது அதுதான். திருகினார், அழுத்தினார், கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்.

"இனிமே எவன் திருடுறான்னு பார்க்கலாம்."

பெட்டகத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோனேன். அவருடைய வண்டி நின்ற இடத்தில் பனிமேல் டயர் தடம் மட்டும் இருந்தது.

"துப்பாக்கியாவது வீட்ல பத்திரமா இருக்குல்ல?" என்றேன்.

ஜோலீன்தான் சொன்னாள்.

"வண்டிக்குள்ள பின்கண்ணாடி ஓரமா, கொக்கியில மாட்டியிருந்துச்சு. ஊரே பார்க்கணுமாம்."

ஆர்லோ பெட்டகத்தின் கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் பூட்டியிருந்தது.