எடைக்கு ஒரு பொட்டு

வாடிப்பட்டி அங்கன்வாடி வாசலில், வேப்பங்கிளையில் கட்டிய தராசின் துணிப்பைக்குள் முனீஸ்வரியின் மகன் காலை உதைத்துச் சிரிக்கிறான். இலை வெயில் அவன் வயிற்றில் ஆடுகிறது. குழந்தை வளர்ப்பு ஆய்வுக்காக மாதாமாதம் மதுரையிலிருந்து வரும் காவ்யஸ்ரீ, ஆடும் முள்ளையே பார்த்தபடி நிற்கிறாள். போன மாதம் அவன் எடை இறங்கியிருந்தது. முள் நிற்கிறது. “முனீஸ்வரி, எட்டு கிலோ…” “அய்யோ அக்கா, சத்தமாச் சொல்லாதீக! கண்ணு பட்டுரும்.” காவ்யஸ்ரீ குனிந்து அவள் காதில் சொல்கிறாள். “அம்புட்டா கூடியிருக்கான்?” காவ்யஸ்ரீ படிவத்தில் எடையை எழுதி முடித்ததும், முனீஸ்வரி மகனின் கன்னத்தில் வேர்த்துக் கசிந்திருக்கும் திருஷ்டிப் பொட்டை விரலால் தொட்டு, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அழுத்தி வைக்கிறாள். காவ்யஸ்ரீ அதைத் துடைக்கவில்லை. அடுத்த தாளில் ஒட்டிவிடாதபடி, ஊதி ஊதிக் காயவைக்கிறாள்.