தாய்மாமன் மேடைக்கு வரவும்

"தாய்மாமன் அழகுபாண்டி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்."

மைக் மறுபடியும் கூப்பிட்டது.

அழகுபாண்டி எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. திருப்பரங்குன்றத்தில் அந்த மண்டபத்துக்கு நேர் எதிரே உள்ள டீக்கடையில், வெள்ளை வேட்டி கசங்கிவிடாமல், பெஞ்சின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தான்.

கடையை ஒட்டிக் குட்டியானை வண்டி நின்றது. தங்கை ரோகிணியின் மகளுக்குக் காதுகுத்து. அதற்கு அவன் கொண்டுவந்த சீர் வண்டியில் இருந்தது. பட்டுப்பாவாடை, தங்கத்தோடு, வாழைத்தார், தட்டுத் தட்டாகப் பழம், கழுத்து மாலையைத் தானே தின்றுகொண்டிருக்கும் ஒரு கிடா. மேளக்காரர்கள் வண்டி நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்துகிற வழக்கம் இவர்கள் பக்கம் கிடையாது. அது ரோகிணிக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அழகுபாண்டி இரண்டாவது டீ சொன்னான்.

சட்டைப் பையில் விடுதலைப் பத்திரம் இருந்தது. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்த அப்பாவின் தோட்டம் செக்கானூரணிப் பக்கம் கிடக்கிறது. அதில் தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாக ரோகிணி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மேளம் முழங்கச் சீர் உள்ளே போகும், பத்திரப் பதிவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். போடாவிட்டால் அவளுக்கு அண்ணன் இல்லை, பிள்ளைக்கு மாமன் இல்லை. காலையில் போனில் தன்மையாகத்தான் சொன்னான்.

அவளும் தன்மையாகத்தான் பதில் சொன்னாள்.

"போட மாட்டேண்ணே. பொண்ணுக்கும் பையனுக்கும் சமபங்கு. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும்."

பங்கு கேட்டதைக்கூட அவன் பொறுத்துக்கொள்வான். அந்தக் கடைசி வார்த்தைதான் அவனைக் குடைந்தது. கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசத் தெரியாதவள் ரோகிணி. இது அவள் பேச்சே இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவள் புருஷனா? அந்த மனுஷன் சாப்பாட்டுக்கும் தாலாட்டுக்கும் தவிர வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவர்கள் குடியிருக்கிற கே.கே. நகரில் தெருவுக்கு ரெண்டு வக்கீல் போர்டு தொங்குகிறது. அதில் ஒருத்தன் வேலையாகத்தான் இருக்கும். எவன் என்று தெரியட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடக்கூடாது.

உள்ளே நிலவரம் பார்த்து வரச் சொல்லி மனைவி பாண்டிமீனாவை அனுப்பியிருந்தான். சரி என்றுகூடச் சொல்லாமல் போனாள். நேற்றுச் சீர்த்தட்டுகளை அடுக்கும்போதும் அவள் அப்படித்தான் இருந்தாள். அவளுக்கென்று பிறந்த வீட்டிலிருந்து இப்போது ஒரு வாழைப்பழம்கூட வருவதில்லை. மச்சான்மார்களோடு அழகுபாண்டிக்குப் பேச்சுவார்த்தை அறுந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. அது வேறு கதை.

நல்ல நேரம் முடியப்போகிறது. ஆசாரி அவசரப்படுத்துவார். ரோகிணி இந்நேரம் வாசலுக்கு ஓடி வந்துகொண்டிருப்பாள். அழகுபாண்டி பேனா மூடியைக் கழற்றி, எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தான். நன்றாகவே எழுதியது.

மைக்கில் பிள்ளை வீரிட்டு அழுதது.

ஒரு காது.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு அழுகை. அதை அமுக்கிக்கொண்டு பெண்களின் குலவைச் சத்தம்.

மேளக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள். தனக்கு வந்தது கோபம் என்றுதான் அழகுபாண்டி முதலில் நினைத்தான். கோபம் இல்லை. அந்தப் பிள்ளை பிறந்தபோது நர்ஸிடமிருந்து முதலில் கையில் வாங்கியவன் அவன்தான்.

பாண்டிமீனா சாலையைக் கடந்து வந்தாள். அவள் புதுச்சேலையின் மடியில் சந்தனம் அப்பியிருந்தது. பிள்ளை கடித்துத் துப்பிய வாழைப்பழமும் அதோடு ஒட்டியிருந்தது.

யார் மடியில் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவளைத் திட்டத்தான் வாயெடுத்தான். வேறு கேள்விதான் வந்தது.

"அவளுக்குச் சட்டம் சொல்லிக் குடுத்தது எவன்? அத மட்டும் சொல்லு."

பாண்டிமீனா மடியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"எங்கண்ணன்மாருக்கு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்த அன்னைக்கு, நடுவீட்டுல நின்னு அம்புட்டுக் கத்து கத்துனீங்க. பொண்ணுக்கும் பையனுக்கும் சமபங்குடி, எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும், இப்பிடி ஏமாந்துட்டு வந்து நிக்கிறியேன்னு. ரோகிணி அப்பப் பேறுகாலத்துக்கு நம்ம வீட்டுலதான இருந்துச்சு."

அழகுபாண்டி டீக்கடைக்காரரைப் பார்த்தான். அவர் சட்டென்று பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். பேனா இன்னும் அவன் கையில் திறந்தபடியே இருந்தது.

மைக் கரகரத்தது. இந்த முறை கூப்பிட்டது ரோகிணி.

"அண்ணே, எங்க இருந்தாலும் சாப்பிட வாங்கண்ணே. எலை போட்டாச்சு."