வட்டிலப்பத்தலை

“நாளைக்கு மருதமுனையில இருந்து என்னய மாப்பிள்ள பார்க்க வாறாங்க. அதுக்கு முதல் என்ட பட்டப்பேர நீங்க திருப்பி எடுக்கணும்!”

நிந்தவூரில், தன் வீட்டு ஒழுங்கையில், அந்தக் குறுகலான தெருவில், மீன்காரர் சீனித்தம்பியின் மோட்டார் சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றான் நிப்றாஸ்.

ஊரே ‘காக்கா’, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் சீனித்தம்பிக்கு இரண்டு தொழில். ஒன்று மீன் விற்பது. மற்றது, இரண்டு சொல்லை எடுத்து ஒட்டி ஆளுக்கொரு பேர் வைப்பது. மெலிந்த வாத்தியார் குடைக்கம்பி. ஓயாமல் சிரிக்கும் றிஸ்மி சிரிப்புமிசின். மீனாவது சில நாள் மிஞ்சும். பேர் மிஞ்சாது, பகலுக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

நிப்றாஸுக்குச் சின்ன வயதிலேயே அவர் ஒட்டிய பேர் வட்டிலப்பத்தலை. வட்டிலப்பம் என்பது முட்டை சேர்த்து அவிக்கும் பெருநாள் இனிப்பு.

“பொண்ணுட மாமா நேத்து சந்தியில வந்து, வயரிங் வேல செய்யிற நிப்றாஸ் எப்படிப்பட்ட ஆள் என்டு விசாரிச்சிருக்கார். ‘ஆரு, வட்டிலப்பத்தலையா?’ என்டு நாலு பேர் கேட்டிருக்கானுகள். அந்த மனுசன் பயந்து போய், என்ட தலைய நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றார்!”

“அனுப்பு. நல்ல தலைதானே.”

“காக்கா, நான் வட்டிலப்பம் தின்டதே இல்ல! முட்ட எனக்கு ஒத்துக்கொள்ளாது. எங்க இருந்து புடிச்சீங்க இந்தப் பேர?”

சீனித்தம்பி பெட்டிக்குள் கிடந்த சூரை மீனைத் திருப்பிப் போட்டார்.

“புடிக்காட்டி வேற ஒன்டு ஒட்டித் தாறன். பல்புமண்ட? வயர்மூக்கு?”

“கலியாணம் குழம்பிச்சோ, உங்கட மீன்பெட்டியக் கொண்டுபோய்க் கடல்ல வீசுவன்!”

“வீசு. மீனுக்குச் சந்தோசம்.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சட்டியோடு வாசல் கேற்றடியில் நின்ற உம்மா சுபைறாவுக்கு மீனும் போச்சு.

“மனச்சாட்சி இல்லாத மனுசன் உம்மா!” என்று பொரிந்தான் நிப்றாஸ்.

“வாயப் பொத்து. ரெண்டாம் வகுப்பில, ஸ்கூலுக்குப் போக மாட்டன் என்டு நாலு நாள் அழுதாயே, ஞாபகம் இருக்கா?”

“இல்ல.”

“மௌத்தாப்போன உன்ட வாப்பா பள்ளிவாசல்ல செருப்புக் களவெடுத்துப் புடிபட்ட நேரம் அது. புள்ளையள் உன்ன ‘செருப்புக்கள்ளன்மகன்’ என்டு கூப்பிட்டுதுகள். அதுக்கு மறுகாதான் சீனித்தம்பி காக்கா, மீனோட மீனா, வட்டிலப்பத்தலை வட்டிலப்பத்தலை என்டு ஒழுங்க ஒழுங்கயா கூவித் திரிஞ்சார். ஒரு ஏழு நாள்தான். புள்ளையளுக்கு இது வாய்க்கு ருசியா இருந்திச்சு, மத்தத மறந்துட்டுதுகள். அந்தக் கள்ளன் பேர் நிலைச்சிருந்தா மருதமுனையில இருந்து ஆருடா வருவாங்க?”

நிப்றாஸுக்கு வெட்கமாக இருந்தது. மெல்லக் கேட்டான்.

“வாப்பா ஆர்ட செருப்ப எடுத்தார், உம்மா?”

“சீனித்தம்பி காக்காடதான். பெருநாளைக்கு வாங்கின புதுச் செருப்பு.”