சிரிப்புக்கு அடியில் ஒரு வசனம்

மாலை ஏழு இருபது. கிளெண்டேல் அரங்கில், இன்னும் வெளிவராத நகைச்சுவைப் படமொன்றைச் சோதனைக்காக ஓட்டுகிறார்கள். கடைசி வரிசையில் வசனகர்த்தா ஹேசலும் தயாரிப்பாளர் டார்ஃப்மனும் இருக்கிறார்கள். அவள் எழுதியதில் படத்தில் மிஞ்சியிருப்பது ஒரே வசனம். அதற்குச் சிரிப்பு வந்தால்தான் அவள் பெயர் திரையில் வரும். இப்போது நாயகன் கல்யாணக் கேக்கின்மேல் உட்காருகிறான். நாற்காலிகள் கிறீச்சிடும் அளவுக்கு அரங்கம் குலுங்குகிறது. அது அடங்குவதற்குள் நாயகி ஏதோ சொல்லி முடித்து வெளியேறுகிறாள். டார்ஃப்மன் சிறுவிளக்கைப் போட்டுப் பென்சிலை எடுக்கிறார்.

"உன் வசனத்துக்கு ஒரு இருமல்கூட வரல ஹேசல். வெட்டிடறேன்."

ஹேசல் தனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தோளைத் தொடுகிறாள். அந்தப் பெண் இன்னும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க, ஹீரோயின் கடைசியா என்ன சொன்னா? உங்க காதுல விழுந்துச்சா?"